கப்பல் காத்திருக்காது

கல்முனையில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை எந்தத் தெருவால் கிழக்கே நடந்தாலும் அது கடலில்தான் போய் முடியும். தோணி தெரியும், கரைவலை தெரியும், மீனின் விலை காற்றோடு ஏறி இறங்குவதும் தெரியும். ஆனால் கப்பலில் ஏறியவர்கள் எம்மில் எத்தனை பேர்? கப்பல் என்றால் எமக்கு அது இரவில் தூரத்தே ஊர்ந்து போகும் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்துக்கென்று டென்மார்க்கின் கடனுதவியோடு ஒலுவிலில் கட்டி 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயையும் மணல் வந்து அடைத்தது. அங்கிருந்து பயணிகள் கப்பல் எதுவும் புறப்படுவதில்லை.

ஆகவே கடற்பயணம் என்பது பணக்காரர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் உரியது என்று நாம் நினைத்துவிடுகிறோம். எங்கள் மூத்த தலைமுறை அப்படி நினைக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போய் வந்தவர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். ஒரு காலத்தில் ஹஜ்ஜுக்கும் கப்பலில்தான் போனார்கள். இந்தக் கட்டுரையில், எங்கள் குடும்பம் ஐந்து பேராகக் கடல் கடந்து போய் வந்ததை வைத்து, கப்பல் பயணத்தையும் கரையில் இறங்கிப் பார்க்கும் இடங்களையும் எப்படித் திட்டமிடலாம் என்று சக மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. முதலில் ஓடிய கப்பலின் பெயர் செரியபாணி. பிறகு 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மறுபடி ஆரம்பமானது. தூரம் சுமார் 110 கிலோமீற்றர். கடலில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து எங்கள் உம்மும்மா ஒரே கதைதான். “நாகூருக்குக் கப்பல்ல ஒருக்காப் பெய்த்து வரணும் புள்ள.”

அவருக்கு இப்போது 72 வயது. 1963இல், பத்து வயதுப் பிள்ளையாக, தன் வாப்பாவோடு மட்டக்களப்பில் ரயில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலில் போனவர். தகரப் பெட்டியின் மேல் தன்னை இருத்திவிட்டு வாப்பா சீட்டுக் காட்டப் போனது அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. 1980களில் போரோடு தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. “சாகக்குள்ள ஒருக்கா ரெண்டு பேரும் பெய்த்து வரணும் எண்டு தங்கச்சியும் நானும் பேசி வெச்ச” என்பார். அந்தத் தங்கச்சி 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போனவர். அதற்குப் பிறகு உம்மும்மா கடற்கரைப் பக்கம் போனதே கிடையாது. பெருநாள் அன்று பிள்ளைகள் கடற்கரைக்குப் புறப்பட்டால்கூட அவர் வீட்டுக்குள் போய்விடுவார்.

கடலைப் பார்க்காத ஒருவர் கடலால் போகக் கேட்கிறார். பெரிய மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. “பிளேன்ல ஏத்தினா ஒரு மணித்தியாலம். ஏன் இந்தப் பாடு?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி, சீனி வருத்தம். தர்கா பற்றியும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதை இங்கே பேச வரவில்லை. கடைசியில் வாப்பா சொன்னார்: “உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கிற மகள் இரிக்கா. அவ எழுதிக் காட்டட்டும். சரிவந்தாப் போவம்.” இப்படித்தான் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. நான் எழுதுவது சரிவராவிட்டால் உம்மும்மா போகப் போவதில்லை என்பது எனக்கு விளங்கியிருந்தது.

நான் முதலில் செய்த வேலை, உம்மும்மாவின் நடையை அளந்தது. எங்கள் வாசலிலிருந்து சந்திக் கடை வரை ஏறத்தாழ 200 மீற்றர். தம்பி இரண்டு நிமிடத்தில் போய்விடுவான். உம்மும்மாவுக்கு ஒன்பது நிமிடம், அதிலும் நடுவில் ஒரு தடவை மதிலில் இருந்து எழும்ப வேண்டும். அந்த ஒன்பது நிமிடம்தான் எங்கள் முழுப் பயணத்தின் அளவுகோல் ஆனது. குடும்பமாகப் போகிறவர்கள் பெரும்பாலும் வேகமாக நடப்பவரை மனதில் வைத்தே நேரம் போடுகிறார்கள். பிறகு கைக்குழந்தையோடு வரும் தாயும் வயதானவரும் எல்லா இடத்திலும் “வாங்க, வாங்க” என்ற அதட்டலைக் கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. மெதுவாக நடப்பவரை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லோருக்கும் நேரம் போதும்.

இரண்டாவது, பத்திரங்கள். உம்மும்மாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், கலியாணப் பதிவில் இன்னொரு விதம். நம் ஊர்களில் இது பல வீடுகளில் உள்ள பிரச்சினை. ‘உம்மா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதவே மூன்று நான்கு விதம் இருக்கிறது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துத்தான் விசாவிலும் கப்பல் சீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே முதலில் பெயரைச் சரிப்படுத்துங்கள், பிறகு கடவுச்சீட்டு எடுங்கள், அதன் பிறகுதான் சீட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கடவுச்சீட்டு உள்ளவர்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதத்துக்கு அது செல்லுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் முக்கியம். இணையத்தில் எடுக்கும் இந்திய விசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லாது. குறித்த சில விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே ஏற்பார்கள். நீங்கள் இறங்கப் போகும் துறைக்கு எந்த விசா செல்லும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, காற்று. இதை எங்கள் மீனவர்களிடம் கேட்டாலே போதும். 2023இல் ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கிய சேவையை அதே மாதம் 20ஆம் திகதியோடு நிறுத்த வேண்டி வந்தது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலில் சிறிய கப்பல் ஓட்ட முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் கடல் புரளும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி முதல் சித்திரை வரையான காலமே நல்லது. நாங்கள் 2025இல் நோன்புப் பெருநாள் முடிந்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போனோம். வெயில் கடுமைதான். ஆனால் வெயிலுக்குக் குடை பிடிக்கலாம், அலைக்கு என்ன பிடிப்பது? 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறிப் பார்த்த இப்னு பதூதா, இங்கிருந்து தமிழகக் கரைக்குப் போகும்போதுதான் புயலில் சிக்கிக் கப்பலை இழந்து உயிர் தப்பினார். உலகத்தையே சுற்றிய அவரையும் இந்தச் சின்னக் கடல் சும்மா விடவில்லை. வானிலை மாறினால் கப்பல் நாள் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் கையில் ஒவ்வொரு நாள் மிச்சம் வையுங்கள். திரும்பி வந்த மறுநாளே பரீட்சை, கலியாணம், வேலை என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவது, பின்னோக்கி எண்ணுதல். நாங்கள் போன காலத்தில் கப்பல் காங்கேசன்துறையிலிருந்து பிற்பகலில் புறப்பட்டது. சீட்டில் இரண்டு நேரம் இருக்கும்: ஒன்று கப்பல் புறப்படும் நேரம், மற்றது நாம் துறைமுகத்தில் நிற்க வேண்டிய நேரம். இரண்டாவதைத்தான் தாளின் கீழ்ப்பக்கத்தில் எழுத வேண்டும். அதற்கு மேலே யாழ்ப்பாணத்திலிருந்து துறைக்குச் சுமார் 20 கிலோமீற்றர், அதற்கு மேலே பகல் சாப்பாடு, குளிப்பு, மருந்து, அதற்கு மேலே முதல் நாள் இரவுத் தங்கல் என்று கீழிருந்து மேலாக ஏறிப் போகவேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா வழியாக இரவோடு இரவாக வேன் ஓடி, நேரே கப்பலில் ஏறலாம் என்று பெரிய மாமா சொன்னார். காசு மிச்சம்தான். ஆனால் நித்திரை இல்லாத உடம்பைக் கடல் எளிதில் புரட்டும். அதனால் ஒரு நாள் முந்தியே போய், யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்குக் கிட்டத் தங்கினோம். அங்கே முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் இருப்பதால் சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் அலைய வேண்டி வரவில்லை.

ஐந்தாவது, உடம்பு. கடல் மயக்கம் பலவீனமானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பது பிழை. கண் ஒரு செய்தியும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொரு செய்தியும் மூளைக்குச் சொல்லும்போது வருவதுதான் அது. நல்ல பலசாலியான என் தம்பிதான் எங்களில் முதலில் வாந்தி எடுத்தான். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. கைப்பேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்க்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. பிஸ்கட், இஞ்சித் தேநீர் போன்றவை நல்லது. மாத்திரை போடுவதென்றால் கப்பல் ஏறுவதற்கு முன்னரே போட வேண்டும். மயக்கம் வந்த பிறகு போட்டுப் பலன் குறைவு. வயதானவர்களும் சீனி, பிரஷர் உள்ளவர்களும் எந்த மாத்திரை என்பதைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். அன்றாட மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேலதிகமாக நான்கு நாளுக்கும் சேர்த்து, வைத்தியரின் துண்டோடு, கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். பெரிய பெட்டி கப்பலின் வேறு பக்கத்துக்குப் போய்விடும். ஆளுக்கு எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதையும் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். கப்பல்களில் அது நாம் நினைப்பதைவிடக் குறைவு.

தொழுகைக்கு, பயணிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளை முன்கூட்டியே உங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் கப்பலில் பதற்றம் இருக்காது. நாங்கள் துறைமுகத்துக்கு வருமுன்னரே ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுகொண்டோம்.

இனி அந்த நான்கு மணித்தியாலம். உம்மும்மா நடு வரிசையில் இருந்தார். அலை தடுப்புச் சுவரைத் தாண்டிக் கப்பல் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் ஒரு தாளில் காங்கேசன்துறையையும் நாகபட்டினத்தையும் வரைந்து, நடுக் கோட்டை எட்டாகப் பிரித்து வைத்திருந்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி. “இப்ப எங்க இரிக்கம்?” என்று கேட்கும்போதெல்லாம் புள்ளியைக் காட்டினேன். நாலாவது புள்ளியில் “ஆழமா?” என்று கேட்டார். “இந்தக் கடல் பெரிய ஆழமில்ல உம்மும்மா, கன இடத்துல ஒரு தென்னை மர உயரம் அவ்வளவுதான்” என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அண்டைக்கும் அது தென்னை மர உயரத்துலதான் வந்த.”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கையை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். வயதானவர்களையோ பயம் உள்ளவர்களையோ கூட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பக்கத்தில் யார் இருப்பது என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். பெட்டியையும் கடவுச்சீட்டையும் வாப்பா பார்த்தார். தம்பியை உம்மா பார்த்தார். என் வேலை உம்மும்மாவின் கை மட்டும்தான்.

ஆறாவது, கரை. கப்பலை விட்டு இறங்கியதும் குடிவரவு, சுங்கம் என்று வரிசை இருக்கும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். போன அன்று எந்த இடமும் பார்க்கப் போவதில்லை என்று முதலே எழுதியிருந்தேன். நல்ல வேளை. கீழ்மாடி அறை தருவதாகத் தொலைபேசியில் சொன்ன ஒரு தங்குவிடுதி, நாங்கள் போனபோது இரண்டாம் மாடியைக் காட்டியது. லிப்ட் கிடையாது. என் தாளில் இன்னும் இரண்டு இடங்களின் தொலைபேசி இலக்கம் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் வேறு அறை கிடைத்தது. எந்த ஊருக்குப் போனாலும் இரண்டாவது, மூன்றாவது இடத்தையும் எழுதி வைப்பது உங்களைப் பேரம் பேசும் நிலையிலிருந்தும் கெஞ்சும் நிலையிலிருந்தும் காப்பாற்றும். பணத்தை டொலராகக் கொண்டுபோய் அங்கே அனுமதி பெற்ற இடத்தில் மாற்றுங்கள். முழுவதையும் ஒரே ஆளின் பையில் வைக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும் என்பது எங்கள் சட்டம். இரண்டாம் நாள் நாகூர். நாகபட்டினத்திலிருந்து சில கிலோமீற்றர்தான். ஐந்து மினாராக்கள் தூரத்திலேயே தெரியும். அவற்றில் 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். எங்கள் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடி ஏறுவது இந்த ஊர்ப் பெரியாரின் பெயரில்தான். அவருடைய நினைவிடங்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம் கடலோடிகள் எந்தத் துறைகளில் இறங்கினார்களோ அந்தத் துறைகளிலெல்லாம் அவை எழுந்தன. அன்று காலை தர்கா, பகல் சாப்பாடு, பின்னேரம் துணிக்கடை என்று எழுதியிருந்தேன். நடுவில் இரண்டு மணித்தியாலத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

அந்த வெறுமையான நேரத்தில் உம்மும்மா ஒரு சின்னக் கடையின் நிழலில் இருந்தார். தஸ்பீஹ், ஜவ்வாது, பத்தி விற்கும் கடை. கடைக்கார அம்மாவுக்கும் ஏறத்தாழ அவர் வயதுதான். “எந்த ஊரும்மா?” என்று கேட்டார். “இலங்கை. கல்முனை.” “சுனாமி வந்த ஊரா?” “ஓம்.” “இங்கயும்தான்” என்று சொல்லி, தன் முக்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். இலங்கையில் ஆகக் கூடுதலாக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். இந்தியப் பெருநிலத்தில் ஆகக் கூடுதலாகப் போனது நாகபட்டினம் மாவட்டத்தில், 6,000க்கும் மேல். ஒரே காலையில் அடிபட்ட இரண்டு கரைகள். இது எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படிக் கேட்டுத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா தன் மகனைச் சொன்னார். உம்மும்மா தன் தங்கச்சியைச் சொன்னார். அன்று விடிய எங்கள் வீட்டுக்கு வந்த தங்கச்சி, “அடுப்புல வெச்சதை இறக்கிப் போட்டு வாறன்” என்று கடற்கரையோரம் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாராம். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் இதைக் கேட்டதில்லை. உம்மாவும் கேட்டதில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. வெறுமையாக விட்ட இரண்டு மணித்தியாலம் மூன்றாகியது. துணிக்கடையை வெட்டிவிட்டோம். தம்பி இறால் வைத்த வாடா வாங்கிவந்து எல்லோருக்கும் தந்தான். இரண்டு பேரும் அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே பேசினார்கள். பின்னேரம் கடற்கரையைப் பார்ப்போமா என்று வாப்பா கேட்டபோது உம்மும்மா வேண்டாம் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் எங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இதுவும் ஒரு நல்ல வழி. எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகவேண்டும் என்று சட்டமில்லை. உம்மாவும் உம்மும்மாவும் அறையில் ஓய்வெடுக்க, வாப்பாவோடு நானும் தம்பியும் தரங்கம்பாடிக்குப் போனோம். 1620இல் டென்மார்க்கார் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் அங்கே வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டார். 1715 அளவில் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அங்கே அச்சாகி வந்தது. இப்படியொரு சஞ்சிகையில் எழுதும் நமக்கு அந்த இடத்தைப் பார்ப்பது பொருத்தமானது. திரும்பும் வழியில் வாடகைக் கார்ச் சாரதி, “இன்னொரு இடம் இருக்கு, அரை மணி நேரம்தான்” என்றார். இப்படிச் சொல்லும் அரை மணி ஒன்றரை மணியாகும். மறுநாள் காலையில் கப்பல். நாங்கள் நன்றி சொல்லி மறுத்துவிட்டோம்.

நான்காம் நாள் கப்பல் நாள். கப்பல் நாளில் எந்த இடமும் பார்க்கக் கூடாது, எந்தக் கடைக்கும் போகக் கூடாது. கடைசி இரவு துறைமுகத்துக்குக் கிட்டத் தங்க வேண்டும். பஸ் போனால் அடுத்த பஸ் வரும். கப்பல் போனால் விசா முடிவதும் வீட்டார் தேடுவதும் வேறு செலவும் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

இந்த முறைகள் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கும் பொருந்தும். அவுஸ்திரேலியாவில் வாழும் என் சாச்சியின் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கு போய்வரும் கப்பலில் சென்றது. அவர் எனக்குச் சொன்னவற்றையும் இங்கே தருகிறேன். உல்லாசக் கப்பல் மிதக்கும் ஹோட்டல் மாதிரி. காலையில் ஒரு துறைக்கு வரும், பின்னேரம் புறப்படும். விளம்பரத்தில் உள்ள விலை அறைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் என்பது வழக்கம். துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு, இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் வேறு. சீட்டு எடுப்பதற்கு முன்னரே ஹலால் சாப்பாடு உண்டா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சில துறைகளில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தே நங்கூரமிட்டுச் சிறிய படகில் ஆட்களை இறக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது கடினம். எந்தத் துறையில் எப்படி என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கரைச் சுற்றுலாவில் இரண்டு வகை. கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவுக்கு விலை கூட. ஆனால் அவர்களுடைய பஸ் பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நாமே போனால் செலவு குறைவு. ஆனால் பிந்தினால் கப்பல் போய்விடும். தூர இடங்களுக்கு முதல் வகையும் நடந்துபோகும் இடங்களுக்கு இரண்டாவது வகையும் நல்லது. பினாங்கில் கப்பல்துறையிலிருந்து நடக்கும் தூரத்திலேயே 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் தமிழ்க் கடைத்தெருவும் இருக்கின்றன. சாச்சி குடும்பம் அங்கே தொழுது, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் மிச்சத்தோடு திரும்பிவிட்டது. இன்னொரு விடயம் மணிக்கூடு. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேர வித்தியாசம் கிடையாது. ஆனால் வேறு நாடுகளில் கரை நேரமும் கப்பல் நேரமும் வேறுபடலாம். கையில் கட்டும் மணிக்கூட்டைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பார் சாச்சி.

2023 ஜூன் மாதத்தில் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களுக்கு நமது கரைதான் சுற்றுலா இடம். மருதமுனை நெசவையும் எங்கள் கடலோரச் சமையலையும் ஒரு பகலில் காட்டத் தெரிந்த பெண்கள் இந்த மாவட்டத்தில் இருந்தால், அவர்களுக்கு அது தொழிலாகும். பயணம் திட்டமிடப் பழகுவது அந்தக் கல்வியின் முதல் பாடம் என்று நினைக்கிறேன்.

செலவுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தப் பணத்தை ஆறு பங்காக்கி, ஒரு பங்கைத் தொடாமல் வைத்தேன். அறை மாறியபோதும் உம்மும்மாவுக்குச் சக்கர நாற்காலி எடுத்தபோதும் அதிலிருந்துதான் கொடுத்தோம். மிச்சத்தை வாப்பா உம்மும்மாவிடம் கொடுத்தார். அவர் அதில் அந்தக் கடைக்கார அம்மாவுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தனுப்பியது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

திரும்பி வரும்போதும் உம்மும்மா நடு வரிசையில்தான் இருந்தார். கண்ணையும் மூடிக்கொண்டுதான் வந்தார். ஆனால் புள்ளியைக் கேட்கவில்லை. பெரிய மாமா இப்போது எங்களிடம் அந்தத் தாளின் பிரதியைக் கேட்டிருக்கிறார். மாமியைக் கூட்டிப் போகப் போகிறாராம்.

எல்லாவற்றையும் இரண்டு வரியில் சுருக்கிச் சொல்வதானால் இதுதான்: கப்பல் நேரத்தில் கண்டிப்பாக இருங்கள், கரை நேரத்தில் தாராளமாக இருங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் நாம்தான் எங்கள் வீட்டில் மெதுவாக நடப்பவருக்காகக் காத்திருக்கும்படி நேரத்தை ஒதுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் எங்கேயோ போக ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, கீழ்ப்பக்கத்தில் கப்பலின் நேரத்தை எழுதுங்கள்.